ஒரு நாளைக்கு ஒரு மில்லி

பிப்ரவரி 18 — 6
மார்ச் 18 — 29
ஏப்ரல் 15 — 52
மே 13 — 52
ஜூன் 10 — 80
ஜூலை 15 — 115
ஆகஸ்ட் 12 — 143

எல்லாம் மில்லிமீட்டர். கண்ணாடிக் கடைக்காரரின் வலது கையில், முழங்கைக்குச் சற்று மேலே உள்ள தழும்பிலிருந்து விரல் பக்கமாக அளந்தவை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையில், கடையின் பின்னறையில் அளந்தார்கள். ஸ்கேலைப் பிடித்துச் சீட்டில் எழுதியவள் மனைவி. எந்த இடம் என்று சொன்னவர் அவர். கடைசி மூன்று எண்களும் பொய்.

தெருவில் அவருக்கு முக்கால் மில்லி என்று பெயர். பெயர் வைத்தவர் எதிர்ச்சாரித் தச்சர். ஒருமுறை தச்சர் செய்து கொடுத்த ஜன்னல் சட்டம் ஒரு மூலையில் முக்கால் மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது என்று இவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

"முக்கா மில்லிய எவன்யா எட்டிப் பாக்கப்போறான்? காத்துகூட நுழையாதேய்யா!" என்று தச்சர் நடுத்தெருவில் நின்று கத்தினார்.

"காத்து நுழையலன்னா போகுது. என் கண்ணு நுழையுதே" என்றார் இவர். அன்றிலிருந்து அதே பெயர் நிலைத்துவிட்டது.

கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. இருபத்தாறு வயதில் படச்சட்டக் கடையில் வேலையாக இருந்தபோது, ஒரு பெண் தன் தாத்தாவின் புகைப்படத்தைச் சட்டம் போடக் கொண்டுவந்தாள். வாங்கிக்கொண்டு போனவள் மறுநாளே திரும்பி வந்து, "தாத்தா சாஞ்சு நிக்கிறாரு" என்றாள். அளந்து பார்த்தார். அவள் சொன்னது சரி. மறுபடி போட்டார். அவள் மறுபடி குறை கண்டாள். மூன்றாவது முறை அவளுடைய அப்பாவே கூட வந்து, "தம்பி, நீங்க படத்துக்குச் சட்டம் போடறீங்களா, என் பொண்ணுக்கு வலை போடறீங்களா?" என்று கேட்டுவிட்டார். இவருக்குக் காது வரை சிவந்துபோயிற்று. தன்னைவிடக் கூர்மையான கண் ஒன்றை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்திருந்தார். அதை வெளியே விட மனமில்லை.

பிறகு சொந்தக் கடை. முன்னறையில் சுவரோரம் கண்ணாடிப் பலகைகள் செங்குத்தாக நிற்கும். நடுவில் கம்பளித் துணி ஒட்டிய நீள மேசை. கண்ணாடியை எப்போதும் சட்டத்தைவிட மூன்று மில்லிமீட்டர் குறைவாக அறுப்பார். வெயிலில் கண்ணாடி விரியும், மழையில் மரம் ஊதும், இரண்டுக்கும் நடுவே மூச்சுவிட இடம் வேண்டும். கட்டரைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, சுண்டுவிரலை ஸ்கேலின் ஓரத்தில் சறுக்கவிட்டு, ஒரே இழுப்பு. புதுத்துணி கிழிகிற மாதிரி சீரான ஒரு ஓசை வரும். பிறகு கோட்டின் இரு பக்கமும் லேசாக அழுத்தினால் போதும், கண்ணாடி சொன்ன இடத்தில் பிரியும். கோடு இழுக்கும்போது கை நடுவில் தயங்கினால் கண்ணாடி அதை மறக்காது. தயங்கிய இடத்தில்தான் உடையும்.

அளவுகள் எழுதத் தொடங்குவதற்கு முந்தைய ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி ஒரு துணிக்கடையின் பழைய கதவுக் கண்ணாடியை அவரும் மச்சினனும் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மச்சினன் மனைவியின் தம்பி, கடை வண்டியை ஓட்டுகிறவன், வாய் ஓயாதவன். கண்ணாடியில் எப்போதோ விழுந்திருந்த கீறல் திடீரென்று ஓடிற்று. ஒரு நீளத் துண்டு இவருடைய வலது கையில் முழங்கைக்கு மேலே உட்புறத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. பக்கத்துச் சின்ன மருத்துவமனையில் தோலைத் தைத்து அனுப்பினார்கள்.

சுண்டுவிரலும் அதை ஒட்டிய விரலில் பாதியும் மரத்திருந்தன. வேறு தொழில்காரனாக இருந்தால் மறுநாளே டாக்டரிடம் ஓடியிருப்பான். கண்ணாடிக்காரர்களின் கையில் மரத்த இடம் இல்லாத விரல் கிடையாது. இங்கே ஒரு வெட்டு, அங்கே ஒரு சில்லு. ஆறு மாதம் மரக்கும், பிறகு தானாகச் சரியாகும், சரியாகாவிட்டாலும் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

"மரத்துப்போனா நல்லதுதானே மாமா, அடுத்த வெட்டு வலிக்காது" என்றான் மச்சினன்.

"அதுவும் சரிதான்" என்று இவரும் சிரித்தார்.

நவம்பரில் கட்டரின் கோடு முதல்முறையாக அலைந்தது. டிசம்பரில் ஒரு அலமாரிக் கண்ணாடி கோட்டை விட்டு விலகி உடைந்தது. மேசையின் தப்பு என்று மேசையைச் சரிபார்த்தார். கட்டரின் சக்கரம் தேய்ந்துவிட்டது என்று புதிது வாங்கினார். கையைப் பார்த்தவள் மனைவிதான். ரசீதை நீட்டிக்கொண்டிருந்தார், அவள் லேசாகத் தொட்டதும் தாள் கட்டைவிரலிலிருந்து நழுவி வந்துவிட்டது.

"ஏங்க, இதை இறுக்கிப் பிடிங்க."

பிடித்தார். மறுபடி இழுத்தாள். மறுபடி வந்தது. அப்போதுதான் இருவரும் பார்த்தார்கள்: கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே இருந்த சதைமேடு காணாமல்போய், அங்கே ஒரு பள்ளம். கடைசி இரண்டு விரல்களும் கொக்கிபோல வளைந்திருந்தன.

பெரிய மருத்துவமனையில் நரம்பு டாக்டரம்மா அவரை நிறையப் பேசவிடவில்லை. தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "அஞ்சு மாசம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றார். பிறகு ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார்.

"நரம்பைக் கயிறுன்னு நினைக்காதீங்க. அதுக்குள்ள ஆயிரக்கணக்குல நரம்பணு ஓடுது. ஒவ்வொண்ணோட உடம்பும் கழுத்துக்கிட்ட, முதுகெலும்பை ஒட்டி இருக்கு. கண்ணுக்கே தெரியாத தூசி. அந்தத் தூசிலேருந்து ஒரு வால் கிளம்பி தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் தாண்டி உங்க விரல் வரைக்கும் வருது."

"நடுவுல ஒட்டு இல்லாமலா?"

"ஒட்டே கிடையாது. ஒரே உயிரணு."

அவர் தன் கையை ஒருமுறை தோளிலிருந்து விரல் வரை பார்த்தார். இத்தனை நீளத்துக்கு ஒட்டில்லாத பொருள் தன்னிடம் இருந்தது அவருக்கு இதுவரை தெரியாது.

"வெட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கற துண்டு என்ன ஆச்சுங்க?"

"அது எப்பவோ கரைஞ்சு போச்சு. வாலுக்குச் சாப்பாடு எல்லாம் மேல இருக்கற உடம்புலதான் தயாராகி வரணும். வழி அறுந்தா கீழ இருக்கறது பட்டினிதான். ஆனா அதைச் சுத்தி இருந்த உறை காலிக் குழாயா அப்படியே நிக்கும். நாங்க முனையோட முனை சேத்துத் தைப்போம். மேல் முனை துளிர்விட்டு அந்தக் குழாய்க்குள்ள நுழைஞ்சு வளரணும்."

"என்ன வேகத்துலங்க?"

"எல்லாம் நல்லா போனா ஒரு நாளைக்கு ஒரு மில்லி."

பின்னால் நின்ற மச்சினன் வாயை அடக்க முடியாமல், "மாமா, உங்க நரம்பு உங்களை மாதிரியே இருக்கு பாருங்க" என்றான். டாக்டரம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னார்.

"நரம்பு முனை தசையைத் தொடறதே இல்ல. நடுவுல நூலிழைகூட இல்லாத ஒரு சின்ன இடைவெளி. முனையிலேருந்து ஒரு ரசாயனம் அந்த இடைவெளியைத் தாண்டி வரும். தசை அதை வாங்கிக்கிட்டுத்தான் சுருங்கும். ரொம்ப நாள் ஒண்ணும் வரலன்னா வாங்கற இடம் கலைஞ்சிடும். தசை இருந்த இடத்துல கொழுப்பும் நாரும் ஏறிடும். அடிபட்ட நாள்லேருந்து ஒண்ணரை வருஷம்னு வெச்சுக்குங்க. அதுக்கப்புறம் நரம்பு வாசல்ல வந்து நின்னாலும் கதவைத் திறக்க உள்ள ஆள் இருக்காது. தொடு உணர்ச்சி வேற விஷயம், அது தாமதமானாலும் கொஞ்சம் வரும்."

அவர் தாளை வாங்கி அங்கேயே கணக்குப் போட்டார். தையலிலிருந்து அந்தப் பள்ளம் வரை முந்நூற்று நாற்பது மில்லிமீட்டர். ஜனவரி பன்னிரண்டில் தையல், துளிர்விட ஒரு மாதம். பிப்ரவரி ஒன்பதோடு ஒன்றரை வருடம் முடிகிறது. நரம்பு ஜனவரி பதினேழில் வந்துவிடும்.

"மூணு வாரம் மிச்சம் இருக்கு" என்றார் மனைவியிடம். முகம் தெளிந்துவிட்டது. "கண்ணாடிக்கு மூணு மில்லி, கைக்கு மூணு வாரம். சரியா உக்காரும்."

ஜனவரி பன்னிரண்டில் தைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா இரண்டு வேலை கொடுத்தார். ஒன்று, வளைந்த விரல்களைத் தினமும் வெந்நீரில் வைத்து நீட்டிவிடுவது. இன்னொன்று, தட்டிப் பார்ப்பது. வளர்கிற முனைக்கு இன்னும் மேலுறை ஏறியிருக்காது. அதன்மேல் விரலால் தட்டினால் சுண்டுவிரலில் மின்சாரம் பாய்ந்த மாதிரி சுருக்கென்று இருக்கும். எந்த இடத்தில் சுருக்கென்கிறதோ, அதுவரை நரம்பு வந்திருக்கிறது.

முதல் ஞாயிறு அவள் மணிக்கட்டிலிருந்து மேலே தட்டிக்கொண்டே வந்தாள். தழும்புக்கு ஆறு மில்லிமீட்டர் இப்பால் அவர், "ஆ!" என்று துள்ளினார். இல்லாத சுண்டுவிரல் ஒன்று அந்தரத்திலிருந்து கூப்பிட்ட மாதிரி இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மச்சினன் முன்னறையிலிருந்து, "என்னக்கா, அடிக்கிறியா?" என்று கேட்டான்.

மார்ச் நன்றாகப் போயிற்று. ஏப்ரலும். கடையில் மச்சினன்தான் அறுத்தான். அவர் பின்னால் நின்று, "நிறுத்தாத, நிறுத்தாத, மூச்ச விட்டுடாத" என்பார். அவன் நிறுத்துவான். கண்ணாடி வேறு பக்கம் போகும். "நீங்க பேசாம இருந்தா நான் நல்லா அறுப்பேன் மாமா" என்பான். அவர் வெளியே போய் நிற்பார். உள்ளே அப்போதும் உடையும். இடது கையால் தானே முயன்றார். அந்தக் கைக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

மே பதின்மூன்றில் அவள் தட்டியபோது ஏப்ரலில் சொன்ன அதே இடத்தில்தான் சுருக்கென்றது. முழங்கைக்குக் கொஞ்சம் கீழே. ஒரு மில்லிகூட நகரவில்லை.

"சில நேரம் அப்படித்தான் நிக்குமாம்" என்றாள் அவள், யாரும் சொல்லாததை.

அந்த மாதம் முழுவதும் அவர் தனியாகத் தட்டிப் பார்த்தார். கடையில், குளியலறையில், பேருந்தில். மச்சினன் எங்கிருந்தோ மின்சார மசாஜ் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து, "ஷாக் குடுத்தா தூங்கறவனே எழுந்து ஓடுவான் மாமா, நரம்பு எந்திரிக்காதா?" என்று கையில் கட்டினான். தோல் சிவந்ததுதான் மிச்சம். உடைந்த கண்ணாடிக்கு மாற்று வாங்கலாம், கோணலான சட்டத்தை இழைக்கலாம். தன் தோலுக்கு உள்ளே, இரண்டு விரல் ஆழத்தில், ஒரு நூல்முனை நின்றுபோயிருக்கிறது. அதைத் தள்ளவும் முடியவில்லை, இழுக்கவும் முடியவில்லை. ஐம்பத்திரண்டு வருடத்தில் அவர் கைக்கு எட்டாத வேலை என்று இதைத்தான் முதலில் பார்த்தார். அது அவர் கைக்குள்ளேயே இருந்தது.

ஜூன் பத்தாம் தேதி மனைவி குளித்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். தட்டத் தொடங்கும் முன்பே அவள் உதடு இறுகியிருந்தது. மணிக்கட்டிலிருந்து மேலே ஏறி வந்தாள். தட்டுகிற விரல் தயங்கித் தயங்கி வந்தது. ஏறுகிற ஒவ்வொரு மில்லிக்கும் அவள் முகம் கொஞ்சம் வாடுவதை அவர் பார்த்தார்.

"இங்க" என்றார். அங்கே ஒன்றும் இல்லை.

"நிஜமாவா?"

"சுருக்குங்குது. நல்லாவே."

அவள் ஸ்கேலை வைத்தாள். எண்பது. கண் தானாகவே கணக்குப் பார்த்து இடம் சொல்லியிருந்தது: இருபத்தெட்டு நாள், இருபத்தெட்டு மில்லி. அவள் எழுந்துபோய் அடுப்பில் பாலை வைத்தாள். பால் பொங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒருமுறை சொன்னபிறகு நிறுத்த வழியில்லை. ஜூலையில் நூற்றுப் பதினைந்து. ஆகஸ்டில் நூற்று நாற்பத்து மூன்று. உண்மையான இடம் எதுவென்று தனியாகத் தட்டிப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

ஆகஸ்ட் இருபத்திரண்டில் டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, கடிகாரம் மாதிரி போகுதே" என்றார். "கண்ணை மூடிக்குங்க. சுருக்குன்னா மட்டும் சொல்லுங்க."

மூடிக்கொண்டார். தட்டல் மணிக்கட்டிலிருந்து கிளம்பி ஏறி வந்தது. நூற்று நாற்பத்து மூன்றை எப்போது தாண்டியது என்று அவருக்குத் தெரியவில்லை. "இங்க" என்று சொல்லிவிட வாய் துடித்தது. எங்கே என்று சொல்வது? பிறகு திடீரென்று சுண்டுவிரலில் மின்னல். அவர் வாய் திறக்கும் முன்பே பக்கத்தில் இருந்த மனைவி, "இதான் டாக்டர்" என்றாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நிஜமா சுருக்குன்னா இவரோட கால் கட்டைவிரல் மடங்கும். மே மாசத்துக்கப்புறம் மடங்கவே இல்ல."

டாக்டரம்மா ஸ்கேலை வைத்தார். எண்பத்து நான்கு.

"தெரிஞ்சுமா எழுதினீங்க?"

"அவரு சொன்னாரு, எழுதினேன்" என்றாள். குரல் கொஞ்சமும் மாறவில்லை. அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். இருபத்தாறு வருடத்துக்கு முன்பு தாத்தாவின் படம் சாய்ந்திருந்ததைப் பிடித்த கண் அது. அதை ஏமாற்றிவிட்டதாக மூன்று மாதம் நம்பியிருந்தார்.

டாக்டரம்மா தொடர்ந்து பேசினார். "மனசை விட்டுடாதீங்க. தசை போனாலும் இன்னொரு வழி இருக்கு. நல்லா வேலை செய்யற வேற விரலோட தசைநார் ஒண்ணை எடுத்து இந்த விரல்களுக்கு மாத்தி வெச்சுத் தைக்கலாம். பழைய கை ஆகாது, ஆனா பிடிப்பு வரும். மூட்டு மட்டும் இறுகக் கூடாது. விரலை நீட்டறதை ஒரு நாளும் விடாதீங்க. கேக்குதா?"

"கேக்குதுங்க" என்றார். அவர் கேட்டது வேறு கணக்கு. முந்நூற்று நாற்பதில் எண்பத்து நான்கு போக இருநூற்று ஐம்பத்தாறு. பிப்ரவரி ஒன்பதுக்கு இன்னும் நூற்று எழுபத்தொரு நாள். எண்பத்தைந்து நாள் தாமதம். சட்டத்தைவிடக் கண்ணாடி பெரிது. எப்படித் திருப்பினாலும் உட்காராது.

மாலையில் மனைவி வெந்நீர்ச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"கையைக் குடுங்க."

"விடும்மா. வராத விருந்தாளிக்கு எதுக்கு இலை போடற?"

"டாக்டர் சொன்னது உங்க காதுல விழலையா? வேற ஆபரேஷன் இருக்காம்ல."

"அப்புறம் பாக்கலாம்."

அவள் விடவில்லை. தினமும் சட்டி வந்தது. அவர் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். சில நாள் அவளே கையை வெளியே எடுத்து நீட்டிவிட்டாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு விரலை நீட்ட அவளால் முடியவில்லை. பிப்ரவரி ஒன்பதாம் தேதி சனிக்கிழமை. கடையை வழக்கம்போலத் திறந்தார்கள். அதற்குப் பிறகு சட்டி வரவில்லை.

கடையில் இப்போது தொழிற்சாலையில் அறுத்து வந்த கண்ணாடிகள்தான் விற்றன. அவர் அளவு எடுத்துக் கொடுப்பார், மச்சினன் எடுத்து வருவான். எதிர்ச்சாரித் தச்சர் ஒருநாள் தானாக வந்து, "இந்தச் சட்டத்துல ஒரு மூலை ஒரு மில்லி சாஞ்சிருக்கு, பாத்தீங்களா?" என்று கேட்டார், அவரைப் பேசவைக்க. "இருக்கட்டும், காத்து நுழையாது" என்றார் முக்கால் மில்லி. தச்சர் அதற்கு மேல் நிற்கவில்லை.

அடுத்த ஆகஸ்ட் கடைசியில் மேசையின் கம்பளியைத் தட்டிக்கொண்டிருந்தபோது கத்தினார். மனைவி ஓடிவந்தாள். சுண்டுவிரல் நுனியில் ஒரு சில்லு, ஒரு பொட்டு ரத்தம்.

"வலிக்குது!" என்றார். "ஏய், வலிக்குதுடி!"

அவள் அவருடைய கால் கட்டைவிரலைப் பார்த்தாள். மடங்கியிருந்தது. சில்லைப் பிடுங்கவே மறந்து இருவரும் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதுகெலும்போரத்துத் தூசி ஒன்று தன் வாலை அத்தனை தூரம் நீட்டி, காலிக் குழாய் வழியே நடந்து, விரல் நுனிக்கு வந்து சேர்ந்துவிட்டது. "மாமா, நம்ம ஆளு வந்துட்டானா?" என்று மச்சினன் கூத்தாடினான். முக்கால் மில்லி அழுதார். பிறகு விரலை நீட்டப் பார்த்தார். விரல் கொக்கியாகவே இருந்தது. இடது கையால் பிடித்து நீட்டினார். பாதியில் கதவுக் கீல் துருப்பிடித்த மாதிரி நின்றது.

செப்டம்பரில் மின்சோதனை. தோலின் செய்தி மேலே போயிற்று. தசையிடமிருந்து திரையில் ஒரு அசைவும் இல்லை. டாக்டரம்மா விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். ஏன் விட்டீர்கள் என்று கேட்கவில்லை. "தசைநார் மாத்தறது என் கையில இல்ல. எக்ஸ்ரேயை அறுவை சிகிச்சைக் குழுவுக்கு அனுப்பறேன். கடிதம் வரும்" என்றார்.

அன்று மாலை அவரே அடுப்பில் வெந்நீர் வைத்தார். அவரே சட்டியைத் தூக்கி வந்தார். "கொஞ்சம் பிடிச்சு நீட்டு" என்று கையைக் கொடுத்தார். அவள் நீட்டினாள். இப்போது விரலுக்கு வலி தெரிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். காலை, மதியம், மாலை. ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து நகத்துக்கும் மேசைக்கும் உள்ள இடைவெளியை அளக்கச் சொன்னார்.

"குறைஞ்சிருக்கா?"

அவள் ஸ்கேலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இல்லைங்க" என்றாள்.

"சரி. நாளைக்குப் பாக்கலாம்."

கடிதத்தை மச்சினன்தான் வாசலில் வாங்கினான். கொடுத்துவிட்டு வண்டியைத் துடைக்கப் போனான். உள்ளே மூன்று வரி இருந்தது. விரல் மூட்டுகள் நிலையாக இறுகிவிட்டதால் தசைநார் மாற்றத்தால் பயன் இராது. வேறு சிகிச்சை பரிந்துரைக்கப்படவில்லை. இனி பரிசோதனைக்கு வரத் தேவையில்லை.

மனைவி படித்துக் காட்டினாள். அவர் தாளை வாங்கி மேசையில் வைத்து, வளைந்த சுண்டுவிரலின் நுனியால் அதன் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். ஓரம் கூராக இருந்தது. நன்றாகவே தெரிந்தது.

"கடிதம் என்னைக்கு வந்ததுன்னு அதுலயே எழுதி வை" என்றார்.

அவள் எழுதினாள்: அக்டோபர் 17, வியாழக்கிழமை.